கோலார் அண்ணாச்சியின் நெஞ்சுப் படம்

அஜ்மான் துறையை ஒட்டிய பட்டறைத் தெருவில் போய்ப் பத்திநாதன் எங்கே என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. கோலார் எங்கே என்று கேட்க வேண்டும். மலையாளிகளுக்கு அவர் கோலார் சேட்டன். பட்டாணியர்களுக்குக் கோலார் பாய். தூத்துக்குடி, மணப்பாடு பக்கத்து ஆட்களுக்குக் கோலார் அண்ணாச்சி. பட்டறை முதலாளியும், அவர் விசாவுக்குப் பொறுப்பேற்ற கஃபீலுமான மஹ்மூது, புது வாடிக்கையாளர் யாராவது வந்தால் விரலைத் தரையை நோக்கி நீட்டி, கீழே, இன்னும் கீழே என்று குத்திக் காட்டுவார். பூமிக்கு அடியில் மைல் கணக்கில் இறங்கித் தங்கம் வெட்டிய மனிதன், இவன் கை வைத்த இரும்பு தேயாது என்று அர்த்தம். வந்தவர் பத்திநாதனை ஏற இறங்கப் பார்ப்பார். பத்திநாதன் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொள்வார்.

குனிந்துகொள்ளக் காரணம் இருந்தது. அவர் தங்கம் வெட்டியதில்லை. கோலார் தங்கவயலில் நெடுங்காலம் வேலை பார்த்தார் என்பது உண்மை. ஆனால் பூமிக்கு அடியில் அவர் இருந்தது ஒரு பீடி குடித்து முடிக்கிற நேரம்தான்.

மணப்பாட்டுக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊரில் பிறந்தவர். அப்பாவுக்குச் சொந்தமாகக் கட்டுமரம் இருந்தது. மகனைக் கடலுக்குக் கூட்டிப்போனால் கரை கண்ணிலிருந்து மறைவதற்குள் வாந்தி எடுத்துச் சுருண்டுகொள்வான். போகப் போகச் சரியாகிவிடும் என்றார்கள். சரியாகவில்லை. பரதவர் தெருவில் கடல் ஆகாத பிள்ளை என்றால் வேடிக்கைதான். பெண்கள் கூட அவனைக் கண்டால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓங்கரித்துக் காட்டினார்கள். அம்மாவின் தம்பி சூசை கோலாரில் சுரங்க வேலையில் இருந்தார். ஒரு கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வந்தவர், இவனை என்னோடு அனுப்புங்கள், எங்கள் ஊரில் அலை கிடையாது என்று சொல்லிக் கூட்டிப்போனார்.

அலை இல்லைதான். கூண்டு இருந்தது. ஆட்களை அடைத்துக் கிணறு மாதிரியான குழிக்குள் இறக்குகிற இரும்புக் கூண்டு. முதல் நாள் தலையில் விளக்கோடு, மாமாவின் தோளை ஒட்டி நின்றான் பத்திநாதன். மணி அடித்தது. காலுக்குக் கீழே இருந்த தரை காணாமல் போனது. வயிறு மேலேயே நின்றுவிட்டது, உடம்பு மட்டும் இறங்கிக்கொண்டிருந்தது. முதல் தளத்தில் கதவைத் திறந்தபோது அவன் கூண்டின் கம்பியைப் பிடித்தபடி நனைந்த வேட்டியோடு உட்கார்ந்திருந்தான். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது. அடுத்த கூண்டு மேலே போகும்வரை சூசை மாமா அவனுக்கு முன்னால் மறைத்து நின்றார். இவன் வேட்டியை யாரும் பார்க்கவில்லை. மேலே வந்ததும் நேராகக் கொல்லுப் பட்டறை மேஸ்திரியிடம் கொண்டுபோய் விட்டார். பையனுக்குக் காது சவ்வு பலவீனம், கீழே அழுத்தம் தாங்காது என்றார். மேஸ்திரி நம்பினாரோ என்னவோ, உலையில் காற்றுப் போடச் சொன்னார்.

அங்கேதான் பத்திநாதன் இரும்பைப் படித்தார். பாறையைத் துளைத்து மழுங்கி வருகிற கம்பிகளைத் தீட்டுவது முதல் வேலை. பிறகு கல் நொறுக்குகிற இயந்திரத்தின் தாடைகள். அவை பாறையை மென்று மென்று தேய்ந்துபோகும். தேய்ந்த இடத்தில் கெட்டியான வேறொரு உலோகத்தை வெல்டிங்கால் உருக்கி வைத்து, அதன்மேல் இன்னொன்று, அதன்மேல் இன்னொன்று என்று அடுக்கடுக்காகக் கட்டி, பழைய உருவத்துக்குக் கொண்டுவர வேண்டும். சூடு கூடினால் விரியும். குறைந்தால் ஒட்டாது. இது அவருக்கு வந்தது. கடலும் குழியும் வராத மனிதனுக்கு இது கைவந்தது.

சாயங்காலம் சூசை மாமா மேலே ஏறி வந்து, குளித்து, சாராயம் கொஞ்சம் போட்டுக்கொண்டு கீழே நடந்ததைச் சொல்வார். பாறை தானாக வெடிக்கிற சத்தம். சுவரில் கை வைத்தால் கொதிக்கிற கல். விளக்கை அணைத்தால் தன் கையே தனக்குத் தெரியாத இருட்டு. பத்திநாதன் ஒரு வார்த்தை விடாமல் கேட்பார். மாமாவுக்கு இருமல் அப்போதே ஆரம்பித்திருந்தது. கொஞ்ச வருஷத்தில் கதை சொல்ல மூச்சு போதவில்லை. சுரங்க ஆஸ்பத்திரியில் கல் தூசி என்றார்கள். நெஞ்சுக்குள்ளே போன கல் தூசி வெளியே வராது, மருந்தும் இல்லை என்றார்கள். கடைசியில் அவர் படுத்துத் தூங்க முடியாமல், தலையணையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தபடியே விடிய வைத்தார். உட்கார்ந்தபடியே போனார்.

லீவில் ஊருக்கு வந்தபோது கடற்கரையில் எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். கீழே எப்படி இருக்கும் என்று கேட்டார்கள். பத்திநாதன் மாமாவின் கதையை மாமாவின் பேரிலேயேதான் ஆரம்பித்தார். யாருக்கும் அது வேண்டியிருக்கவில்லை. “அவரு கிடக்கட்டும், நீ என்னல பண்ணுன?” என்றார்கள். ஓங்கரித்துக் காட்டிய பெண்களும் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த இடத்தில் மாமாவின் பேர் கதையை விட்டுப் போனது. ஒரு தடவை போனது போனதுதான். உப்பளத்தில் கங்காணியாக இருந்த ஒருவர் அந்தக் கதையைக் கேட்டுவிட்டு, பயமறியாத பையன் என்று தன் மகள் சுகிர்தராணியைக் கொடுத்தார்.

தங்கவயலில் வேலை சுருங்கிக்கொண்டே வந்தது. தூத்துக்குடித் துறைமுகத்தில் கொஞ்ச காலம் வெல்டராக இருந்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதில் பம்பாயிலிருந்து கப்பல் ஏறினார். துபாய் வரும்வரை மேல்தளத்தில் சாக்கு விரித்துப் படுத்து வாந்தி எடுத்தார் என்பதையும் யாரிடமும் சொன்னதில்லை.

அப்போது அந்தக் கரை முழுக்கக் கட்டிக்கொண்டிருந்தார்கள். துறைமுகம், கட்டடம், புஜைராவுக்கு மலையைக் குடைந்து ரோடு. எல்லாவற்றுக்கும் கல் வேண்டும். மலையடிவாரங்களில் கல் நொறுக்கும் இயந்திரங்கள் இரவு பகலாக ஓடின. தாடை தேய்ந்தால் சீமையிலிருந்து கப்பலில் புதிது வர வேண்டும், அதுவரை இயந்திரம் சும்மா நிற்கும். பழைய தாடையிலேயே புதுப்பல் கட்டலாம் என்று பத்திநாதன் சொன்னபோது மஹ்மூது நம்பவில்லை. ஒன்றைக் கட்டிக் காட்டினார். அது புதிதைவிட அதிக நாள் ஓடியது. அதற்குப் பிறகு புஜைராவிலிருந்தும் ராஸ் அல் கைமாவிலிருந்தும் லாரியில் தாடைகள் வர ஆரம்பித்தன. இந்தக் கரையில் இதைச் செய்த முதல் ஆள் எங்கள் கோலார்தான் என்பார் மஹ்மூது. இருக்கலாம். வேறு யாரும் உரிமை கொண்டாடி வரவில்லை.

பட்டறையில் ஒரு கட்டுப்பாடு. வெல்டிங் நடக்கும்போது கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தியிருக்க வேண்டும். பாலைவனக் காற்றில் மணல் வந்து உருகின இரும்பில் விழுந்தால், ஆறியபின் அந்த இடம் பொத்தலாகிவிடும். தகரக் கொட்டகை, வெளியே கொளுத்துகிற வெயில், உள்ளே நீலப் புகை. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. கூட வேலை பார்த்த வில்பிரட், வீரபாண்டியன்பட்டினத்துக்காரன், முப்பது வயதிருக்கும், கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை வெளியே ஓடி மூச்சு வாங்கிவிட்டு வருவான். பத்திநாதன் போவதில்லை. “ஒன்றரை மைலு கீழ மூச்சு விட்ட மனுசனுக்கு இதெல்லாம் புகையா?” என்று வில்பிரட் மற்றவர்களிடம் சொல்வான். அண்ணாச்சியின் கதைகள் அண்ணாச்சியைவிட அவனுக்குத்தான் நன்றாகத் தெரியும். அங்கே வார விடுமுறையான வெள்ளிக்கிழமை, கோவில் பூசைக்குத் துபாய் போகிற வண்டியில், புதிதாக வந்த யாரையாவது பக்கத்தில் உட்காரவைத்துப் பாறை வெடித்த கதையை அவன்தான் சொல்வான். பத்திநாதன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார்.

எழுபத்து நாலில் சுகிர்தராணி வந்தாள். பிள்ளைகளைப் பாளையங்கோட்டையில் கன்னியாஸ்திரீகள் நடத்தும் விடுதியில் விட்டுவிட்டு வந்தாள். பட்டறைக்குப் பின்னாலேயே இரண்டு அறை வீடு. பட்டறை ஆட்களுக்கும் சேர்த்து அவள்தான் சமைத்தாள். ஆறு ஏழு பேர் உட்கார்ந்து மீன்குழம்பு சாப்பிடுகிற வீடாக இருந்தது.

எழுபத்தாறு கோடையில் விசா புதுப்பிக்க எக்ஸ்ரேயில் நெஞ்சுப் படம் எடுத்து வரச் சொன்னார்கள். எல்லோரும் எடுத்தார்கள். எல்லோருக்கும் சரி என்று வந்தது. பத்திநாதனை மட்டும் திரும்பக் கூப்பிட்டார்கள்.

படத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துக் காட்டினார்கள். நெஞ்சு இரண்டு பக்கமும் வெள்ளை வெள்ளையாகப் பொட்டு. கேப்பையை அள்ளித் தூவின மாதிரி. டிபியாக இருக்கலாம், வேலைக்குப் போகாதே, சளியைச் சோதிக்க வேண்டும் என்றார்கள். டிபி என்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

மஹ்மூது வந்து வாசலிலேயே நின்று, நல்லதே நடக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். உள்ளே வரவில்லை. முதல் நாள் இரண்டு பேர் சாப்பிட வரவில்லை. அடுத்த நாள் வில்பிரட் மட்டும்தான் வந்தான். அவனும் தன் தட்டைத் தன் அறையிலிருந்து கொண்டுவந்தான். கொண்டுவந்ததற்கு வெட்கப்பட்டு, ருசியாக இருக்கிறது என்று நாலு தடவை சொன்னான். சுகிர்தராணி எதையும் கண்டுகொள்ளாத மாதிரி பரிமாறினாள். பத்திநாதன் பக்கத்து அறையில் பாய் விரித்து, தன் மூச்சையே கேட்டுக்கொண்டு படுத்திருந்தார். இருமல் வருகிறதா என்று பார்த்தார். வரவில்லை. வராதது நல்லதா, இனிமேல்தான் வரப்போகிறதா என்று தெரியவில்லை. மாமாவுக்கு எப்போது ஆரம்பித்தது என்று யோசித்தார். தலையணையைத் தள்ளி வைத்துவிட்டு வெறும் தரையில் படுத்தார்.

சளிச் சோதனை முடிவை நர்ஸ் தேவகனி சொன்னாள். அவளுக்கு உவரிப் பக்கம். டிபி இல்லை என்றாள். சுகிர்தராணி சிலுவை போட்டுக்கொண்டாள். ஆனால் தேவகனி முகம் தெளியவில்லை.

“அப்ப அது என்ன பொட்டுன்னு கேப்பாங்கல்லா மயினி. ரெண்டுல ஒண்ணு. ஒண்ணு இரும்புப் புகை, இல்லன்னா கல்லுத் தூசி. இரும்புன்னா ஒண்ணும் பண்ணாது, கெடந்துட்டுப் போகும். கல்லுன்னா வேலைக்கு லாயக்கில்லன்னு எழுதிருவாங்க. ஊருக்குத்தான் போணும். ஊருக்குப் போயும்...” என்று நிறுத்திக்கொண்டாள். “துபாய்ல நெஞ்சு டாக்டரு ஒருத்தர் இருக்காரு. அவரு சொல்றதுதான் முடிவு. என்னென்ன வேலை பாத்தாருன்னு விவரமாக் கேப்பாரு. சரியாச் சொல்லுங்க.”

பத்திநாதனுக்கு அந்த நிமிஷமே விடை தெரிந்துபோனது. கல் தூசி அவர் நெஞ்சில் இருக்க வழியில்லை. கல்லுக்குள் அவர் போனதே கிடையாது. அப்பாடா என்று சொல்ல வாயைத் திறந்தார். சுகிர்தராணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எத்தனை வருஷம் கீழே இருந்தாரோ, எவ்வளவு தூசி தின்றாரோ என்று தேவகனியிடம் சொல்லி அழுதாள். அவர் வாயை மூடிக்கொண்டார். டாக்டரிடம் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம்.

தனியாகப் போக யாரும் விடவில்லை. வில்பிரட் மஹ்மூதின் பிக்கப்பை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். டாக்டர் முகம்மது சித்தீக் கராச்சிக்காரர், உருதுதான் பேசுவார், நான் இல்லாமல் எப்படி என்றான். அண்ணாச்சிக்கும் ஹிந்தி தெரியும். ஆனால் அது இரும்பை எடு, இங்கே வை, சீக்கிரம் என்கிற அளவு ஹிந்தி. சுகிர்தராணி அவனுக்கு முன்பே ஏறி உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரி வாசலில் பத்திநாதன் கடைசியாக ஒரு முயற்சி செய்தார். கூட்டமாப் போனா டாக்டருக்குப் பிடிக்காது, நீங்க ரெண்டு பேரும் வெளியே இருங்க என்றார். அவரைத் தள்ளிக்கொண்டு இருவரும் உள்ளே போனார்கள்.

டாக்டர் படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டி வெகு நேரம் பார்த்தார். முதுகில் குழல் வைத்துக் கேட்டார். ஒரு குழாயில் பலம்கொண்ட மட்டும் ஊதச் சொன்னார். நடைபாதையில் வேகமாகப் போய் வரச் சொன்னார். பிறகு உட்காரவைத்து, வாழ்க்கையில் இதுவரை என்னென்ன வேலை என்று கேட்டார்.

பத்திநாதன் தொண்டையைச் செருமிக்கொள்வதற்குள் வில்பிரட் ஆரம்பித்துவிட்டான். நல்ல ஹிந்தி. கோலார் என்றான். கூண்டு என்றான். கையை நீட்டித் தரையைக் குத்திக் காட்டினான், மஹ்மூது மாதிரியே. பாறை வெடித்ததைச் சொன்னான். கொதிக்கிற சுவரைச் சொன்னான். அவன் குரல் பெருமையில் ஏற ஏற, டாக்டரின் முகம் கீழே இறங்கிக்கொண்டே வந்தது. அவர் பேனாவை எடுத்தார்.

சுகிர்தராணிக்கு ஹிந்தி தெரியாது. கோலார் என்கிற வார்த்தை வரும்போதெல்லாம் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

“நஹி” என்றார் பத்திநாதன்.

வில்பிரட் திரும்பிப் பார்த்தான். டாக்டரும் பார்த்தார். பத்திநாதன் தன் பட்டறை ஹிந்தியில் சொன்னார். கீழே இல்லை. மேலே. மேலே வேலை. வெல்டிங். கீழே வேலை செய்தது மாமா. அவர் செத்துப்போய்விட்டார்.

டாக்டர் பேனாவை மூடவில்லை. இப்படித்தான் எல்லோரும் சொல்கிறார்கள் என்றார். ஊரெல்லாம் சுரங்கக்காரன் என்று சொல்லிக்கொண்டிருந்தவன், வேலை போகும் என்றதும் சுரங்கத்தையே பார்த்ததில்லை என்கிறான். உன் கூட வேலை செய்கிற ஆளே இப்போது சொன்னானே. நான் யாரை நம்புவது?

அது நியாயமான கேள்விதான். அத்தனை வருஷம் ஒருவர்கூடக் கேட்டதில்லை. பொய் சொன்னபோது எல்லோரும் நம்பினார்கள். உண்மைக்குச் சாட்சி வேண்டியிருந்தது, சாட்சியோ தலையணையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தபடியே போய்விட்டார்.

“என்ன தம்பி சொல்லுதாரு?” என்றாள் சுகிர்தராணி.

வில்பிரட் பத்திநாதனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஏன் ரெண்டு பேரும் இப்படி இருக்கீங்க? கல்லுன்னு சொல்லிட்டாரா?”

வில்பிரட் அவள் பக்கம் திரும்பினான். “மயினி, அண்ணாச்சி கீழ போனதே இல்லன்னு சொல்லுதாரு.”

“யாரு, டாக்டரா?”

“அண்ணாச்சிதான் சொல்லுதாரு.”

அவள் புருஷனைப் பார்த்தாள். பத்திநாதன் இந்தத் தடவை தமிழில் சொன்னார், டாக்டரைப் பார்த்துக்கொண்டே. ஒரு நாள்தான் போனேன், சூசை மாமா கூட. கூண்டு இறங்கினதும் வயிறு மேலேயே நின்னுட்டு. கம்பியைப் பிடிச்ச கையைப் பிரிச்சு எடுத்துத்தான் வெளியே கொண்டுவந்தாங்க. வேட்டியெல்லாம் நனைஞ்சு போச்சு. அன்னைக்கே மேலே வந்துட்டேன். பிறகு அந்தக் குழி இருந்த பக்கமே போனதில்லை.

சுகிர்தராணி எதையோ உள்ளுக்குள் தேடிக்கொண்டிருந்தாள்.

“ராட்டினம்” என்றாள்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“ஏங்க, மாதா கோவில் திருநாள்ல ராட்டினம்?”

“ஆமா.”

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்தார். அவள் அழவில்லை. கொஞ்சம் அழுதாள், பெரும்பாலும் சிரிப்பு. சிரிப்புக்கு நடுவே வில்பிரட்டிடம் சொன்னாள். கல்யாணமான வருஷம் தூத்துக்குடி மாதா கோவில் திருவிழாவில் இரண்டு பேரும் ராட்டினத்தில் ஏறினார்கள். மேலே போகும்வரை சும்மா இருந்தார். கீழே இறங்க ஆரம்பித்ததும் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அலறினார். ராட்டினக்காரன் பயந்துபோய் நிறுத்தினான். திருவிழாக் கூட்டம் முழுக்கப் பார்த்தது. வீட்டுக்கு வந்து, பூமிக்கு அடியில் ரொம்ப வருஷம் இருந்தவர்களுக்கு இப்படி ஆகும், அது ஒரு வியாதி, சுரங்கக்காரர் எல்லோருக்கும் உண்டு என்றார். அவள் நம்பினாள். அவளுடைய அப்பாவிடமும் சொன்னாள். அன்றிலிருந்து மருமகனைக் கிணற்றுப் பக்கம் தண்ணீர் சேந்தக்கூட அவர் விட்டதில்லை, பாவம் என்று.

“இதை அப்படியே சொல்லுங்க தம்பி அவருட்ட. ஒண்ணு விடாமச் சொல்லுங்க” என்றாள்.

வில்பிரட் சொன்னான். ஆரம்பத்தில் அவன் குரலில் உயிர் இல்லை. அவனுக்கும் ஏதோ செத்துப்போன மாதிரி இருந்தது. ஆனால் அவன் கதை சொல்கிற ஆள். ராட்டினம் மேலே போய்த் திரும்பி இறங்குவதற்குள் கை தானாக எழுந்துவிட்டது. அலறலையும் அலறிக் காட்டினான். வெளியிலிருந்து ஒரு நர்ஸ் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

டாக்டர் சிரிக்கவில்லை. பேனாவை மூடிப் பையில் வைத்தார். வெல்டிங் எத்தனை வருஷம் என்று கேட்டார். எங்கே, திறந்த வெளியிலா, கொட்டகைக்குள்ளா? கதவு திறந்திருக்குமா? மணல் விழும் என்று சாத்திவிடுவோம் என்றார் பத்திநாதன். புகை போக வழி? இல்லை. நடுவில் வெளியே வருவாயா? வில்பிரட் வருவான், நான் வருவதில்லை. ஏன் வருவதில்லை என்று டாக்டர் கேட்டார். சுரங்கத்துக்காரன் புகைக்குப் பயந்து வெளியே ஓட முடியுமா என்பதை எந்த ஹிந்தியில் சொல்வது?

டாக்டர் எழுந்து படத்தின் பக்கம் போனார். விரலால் பொட்டுகளைக் காட்டிப் பேசினார். வில்பிரட் ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னான். இது இரும்பு. உருகின இரும்பின் புகை உள்ளே போய்ப் படிந்திருக்கிறது. இரும்பு என்பதால் படத்தில் பளிச்சென்று பயங்கரமாகத் தெரிகிறது. ஆனால் நெஞ்சை ஒன்றும் செய்யாது. கல் தூசியாக இருந்தால் இந்த அளவு பொட்டுக்கு இந்த ஆளால் நடைபாதையில் பாதி தூரம்கூட வேகமாக நடந்திருக்க முடியாது. குழாயில் அவர் ஊதினது வாலிபன் ஊதின மாதிரி இருந்தது. புகையை நிறுத்தினால் இதுவும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். வேலைக்கு லாயக்கு என்று எழுதிக் கொடுப்பார். ஆறு மாதம் கழித்து ஒரு படம் எடுத்துக்கொண்டு வர வேண்டும். கொட்டகையில் புகை வெளியேற ஃபேன் வைக்க வேண்டும். வைக்காவிட்டால் இந்தப் பையனுக்கும் இதே படம்தான்.

கடைசியில் டாக்டர் பத்திநாதனிடம் நேராக, மெதுவாக, அவருக்குப் புரிகிற ஹிந்தியில் ஒன்று சொன்னார். பயந்தது நல்லது. உன் மாமா பயப்படவில்லை.

பத்திநாதனுக்கு அப்போதுதான் கண் கலங்கியது.

வெளியே வெயில் கொளுத்தியது. வில்பிரட் வண்டியை எடுத்தான். ஷார்ஜா ரவுண்டானா வந்தது. நடுவில் உட்கார்ந்திருந்த பத்திநாதன் அவன் பக்கம் திரும்பவே இல்லை. எத்தனை வெள்ளிக்கிழமை, எத்தனை பேரிடம் அவன் சொல்லியிருக்கிறான். இனிமேல் வண்டியில் அவனைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

“அண்ணாச்சி” என்றான் வில்பிரட்.

“சொல்லு.”

“அந்தப் பாறை வெடிச்சது?”

“அது நடந்ததுதான். மாமா கீழ இருந்தாரு. பக்கத்துல நின்ன ரெண்டு பேரு போயிட்டாங்க.”

“கொதிக்கிற சுவரு?”

“அதுவும் நடந்ததுதான். எல்லாமே நடந்தது. எனக்கு நடக்கல, அம்புட்டுதான்.”

வில்பிரட் கொஞ்ச தூரம் ஓட்டினான். “அவரு பேரு சூசைதானே?”

“சூசை மரியான்.”

“சரி. இனி அவரு பேரச் சொல்லிச் சொல்லுதேன்.” பிறகு, அடக்க முடியாமல், “ஆனா ராட்டினக் கதைய மட்டும் உங்க பேருலதான் சொல்லுவேன் அண்ணாச்சி. அத விட முடியாது” என்றான்.

சுகிர்தராணி ஜன்னலோரம் திரும்பி மறுபடியும் சிரித்தாள். சிரித்து முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, எங்கப்பாவுக்கு மட்டும் இது தெரிய வேண்டாம் என்றாள். எழுபது வயதாகிறது, தெருவில் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் மருமகனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் இருக்கும்வரை நீங்கள் கீழேயே இருங்கள் என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “எம்புட்டு பெரிய மனுசருன்னு பயந்து பயந்து குடும்பம் நடத்துனேன்” என்றாள். அதில் கோபம் இருந்தது. அந்தக் கோபத்தை நின்று கவனிக்க அவளுக்கு அப்போது நேரமில்லை. சாயங்காலம் ஏழு பேருக்குச் சோறு வடிக்க வேண்டும், இனி எல்லோரும் வந்துவிடுவார்கள். அஜ்மான் சந்தையில் வண்டியை நிறுத்துங்கள், சீலா மீன் இருந்தால் வாங்கிக்கொண்டு போகலாம் என்று வில்பிரட்டிடம் சொன்னாள்.

சொல்லிவிட்டுப் புருஷன் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பத்திநாதன் தலையைச் சீட்டில் சாய்த்து, வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். நெஞ்சு நிதானமாக ஏறி இறங்கியது. அவள் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். முன்னால் ரோட்டில் வேகத்தடை மாதிரி மணல் திட்டு ஒன்று குறுக்கே கிடந்தது.

“பையப் போங்க தம்பி” என்றாள்.